பாஸ்கல் பொறுக்கியெடுத்த அரைச்சட்டை

ராயபுரம் பனைமரத்தொட்டிக்குப் போயி பாஸ்கல்னு கேட்டா நாலு பாஸ்கல காட்டுவாங்க. பூச்சி பாஸ்கல்னு கேட்டா ஒரே ஆளுதான். அம்பத்திரண்டு வயசு, காஞ்ச கருவாடு மாதிரி ஒடம்பு, முன்பல்லு ரெண்டு இல்ல. பல்லு காசிமேட்டு சண்டையில போச்சுன்னு அவன் சொல்லுவான். அவன் பொஞ்சாதி மெர்லின் சாத்துன கதவுல போச்சுன்னு தெரு சொல்லும். கதவு இன்னும் அங்கதான் கீது, வேணும்னா போயி பாத்துக்கலாம்.

எட்டாங்கிளாஸ் வரிக்கும் சர்ச் பள்ளிக்கூடத்துல குந்திகினு இருந்தான். கணக்கு வாத்தியாருக்கும் அவனுக்கும் ஒத்துவரல. அப்பால ஹார்பர்ல மூட்ட தூக்குனான், முதுகு போச்சு. ஐஸ் பேக்டரில நின்னான், விரலு மரத்துப்போச்சு. நாப்பது வயசுல காஸ் பார்ட்டில சேந்தான்.

காஸ் பார்ட்டின்னதும் அடுப்பு காஸுன்னு நெனச்சிக்காத. திருவொத்தியூரு தாண்டி, லாரிங்க வரிசையா நிக்கிற ரோட்டுல ஒரு தனியாரு யார்டு. வெளிநாட்டுக் காட்டுல வெட்டுன உருட்டுக்கட்டைங்க கப்பல்ல வந்து, கண்டெய்னரோட அங்கதான் எறங்கும். கட்டையோட அந்த ஊரு பூச்சி புழுவும் ஓசில வந்துடும். அதுங்க நம்மூருல எறங்கி நம்ம மரத்த துன்னக்கூடாதுன்னு கவருமெண்டு ரூலு. அதனால கண்டெய்னர சந்து பொந்து இல்லாம மூடி, விஷக்காஸ உள்ள வுட்டு, ஒரு நாளு முழுக்க அப்படியே வெச்சிருந்து, அப்பால தொறந்து காத்தாட வுடணும். காஸ் அல்லாம் வெளிய பூட்டப்பறம் ஒரு ஆளு உள்ள பூந்து, கட்டை சந்துல கீற சருகு, மண்ணு, பட்டை அல்லாத்தையும் வாரி வெளிய போடணும்.

அதுல இன்னா பேஜாருன்னா, காஸ் பூட்டுச்சா இல்லியான்னு யாருக்கும் தெரியாது. கலரு கெடையாது, வாசன கெடையாது. முன்னாடில்லாம் கண்ணெரிச்சல் மருந்து கலந்து வரும், உள்ள எட்டிப்பாத்தா கண்ணு சொல்லிடும். அப்பறம் வந்த சிலிண்டர்ல அதுவும் இல்ல. மீட்டர்னு ஒண்ணு கீது, அத்த உள்ள நீட்டுனா நம்பரு காட்டும். யார்டுல ஒரே ஒரு மீட்டரு. அது ரிப்பேருக்குப் போயி மூணு வருசம் ஆச்சு. மேனேஜரு அசோகனாண்ட கேட்டா, "வந்துகினே கீதுப்பா"ம்பாரு. நடந்து வந்திருந்தா கூட வந்திருக்கும்.

பாஸ்கல் அந்த பார்ட்டிக்கு மேஸ்திரி. "பூவலாம்"னு அவன் சொன்னாத்தான் ஆளுங்க உள்ள பூவாங்க. சொல்ற வாயி அவனுது, போற உசுரு இன்னொருத்தனுது. அத்த அவன் கரீட்டா தெரிஞ்சி வெச்சிருந்தான், அதான் பூச்சி பக்கம் போனான்.

அந்த சருகு கீது பாரு, கட்டைக்கு அடியில ஒரு ஜாண் ஒசரத்துக்கு கறுப்பா மக்கிப்போயி கெடக்கும். கடல்ல நாப்பது நாளு வந்தும் ஈரம் காயாது. கிளறுனா எள்ளு சைசுல செவப்பும் கறுப்புமா ஒரு பூச்சி ஓடும். நீட்டு ஒடம்பு. முதுகு மேல ஓடு பாதிதான் மூடும், மீதி ஒடம்பு அம்போன்னு தெரியும். விரலு வெச்சா தேளு மாதிரி வால தூக்கி உதார் காட்டும், ஆனா ஒண்ணும் பண்ணாது.

"இன்னாடா இது, தையக்கூலி குடுக்காததுக்கு டெய்லரு பாதிலியே நிறுத்திட்டான் போல"ன்னு மொதோ மொதோ பாத்தப்ப வரதன் சொன்னான். அன்னிலேர்ந்து அதுக்குப் பேரு அரைச்சட்டை.

வரதன் வியாசர்பாடி ஹவுசிங் போர்டு ஆளு. நாப்பத்தஞ்சு வயசு, எட்டு வருசமா பாஸ்கலோட கூட்டு. சருகு வார்றதுக்கு உள்ள பூற ஆளு அவன்தான். ஒரு காலத்துல நல்லா குடிப்பான். பதினோரு வருசம் முன்னாடி புத்த விகாருக்குப் போயி, பஞ்சசீலம் சொல்லி, இனிமே தொடமாட்டேன்னு எழுந்து வந்தவன், அப்பால மோந்து கூட பாக்கல. தண்ணிக்கடை இருக்கற தெருவுல கூட நடக்கமாட்டான், சுத்திகினு போவான். அவன் பொஞ்சாதி தாயம்மா ஏரியாவுல தலைய நிமித்தி நடக்கறதே அத்த வெச்சித்தான்.

பூச்சி பத்தி ஒழுங்கா தெரிஞ்ச ஒரே ஆளு மகிமா. வெளிநாட்டுப் பூச்சிய பாக்கற ஆபீசுக்காக காண்டிராக்ட்ல வர்ற பொண்ணு. காஸ் அடிக்கறதுக்கு முன்னாடி வந்து, சருக வெள்ளத்துணி மேல சலிச்சி, வாயில டியூபு வெச்சி பூச்சிய உறிஞ்சி சின்ன பாட்டில்ல புடிப்பா.

"இன்னாம்மா, கூல்டிரிங்ஸா?"ன்னு வரதன் கேட்டான்.

"நடுவுல வலை கீதுண்ணா. வாய்க்குள்ள வராது."

"வந்துட்டா?"

"வந்தா உங்களுக்கு பாதி."

அவதான் சொன்னா, இதுங்க காட்டுல சருகுக்கு அடியில, வெளிச்சம் படாத ஈரத்துல வாழற ஜாதின்னு. பூஞ்சானையும் சின்னப் புழுவையும் துன்னுமாம். அந்த அரைச்சட்டைக்குள்ள முழு ரெக்கை மடிச்சி வெச்சிருக்குமாம். பறந்துட்டு வந்து குந்துச்சின்னா, வாலாலயே ரெக்கைய உள்ள தள்ளி மடிச்சி வெச்சிக்குமாம். "நம்மாளுங்களுக்கு வேட்டி மடிக்கவே ரெண்டு கை பத்தல"ன்னான் பாஸ்கல். "உயிரோட மட்டும் வெச்சிக்காதீங்கண்ணா, தப்பு"ன்னு சொல்லிட்டுப் போனா. அவ தல மறைஞ்சதும் பாஸ்கல் ஒரு கை சருகு அள்ளி ஹார்லிக்ஸ் பாட்டில்ல போட்டுகினான்.

அவன் கணக்கு இதான். காஸ் அடிச்சி தொறந்தா அரைச்சட்டைங்க அல்லாம் மல்லாக்க செத்துக் கெடக்குது. அப்போ காஸ் இருந்தா பூச்சி சாவும். உயிரோட கீற பூச்சிய உள்ள வுட்டு, அது சாவலன்னா காஸ் இல்ல. மருந்து பாட்டில்ல அஞ்சு பூச்சிய போட்டு, வாயில கொசுவலை கட்டி, நீட்டு மூங்கில் கழி நுனில முடிஞ்சி கண்டெய்னருக்குள்ள கடைசி வரிக்கும் வுடுவான். ஜெபமாலைய எடுத்து பத்து மணி உருட்டுவான். பத்து அருள் நிறைந்த மரியே முடிஞ்சதும் கழிய இழுப்பான். பூச்சி நடந்தா ஆளு பூவலாம். செத்திருந்தா ரெண்டு மணி நேரம் கதவ தொறந்து வெச்சிட்டு, டீ குடிச்சிட்டு, மறுபடி பாக்கணும்.

"உங்காளுக்கு பத்து தபா கூப்ட்டாத்தான் காது கேக்குமா மாமு?"ம்பான் வரதன்.

"உங்காளு கண்ணையே தொறக்கமாட்டாரு. நீ பேசாத."

மூணு வருசம் ஒருத்தனுக்கும் ஒண்ணும் ஆவல. பூச்சி அடிக்கடி சாவும், இவங்க ரெண்டு மணி நேரம் குந்துவாங்க, அப்பால பூவாங்க, நல்லா வருவாங்க. பக்கத்து யார்டு மேஸ்திரிங்க கூட வந்து, "நைனா, அஞ்சு பூச்சி குடேன்"னு நிப்பாங்க. எட்டாங்கிளாஸ் தாண்டாத பாஸ்கலுக்கு அது தலைக்கு ஏறிடுச்சி. கேளாதவனுக்கும் பூச்சி கத சொல்ல ஆரம்பிச்சான். வூட்டுல சாமிப்படத்துக்குக் கீழயே பாட்டில வெச்சி காலையும் சாயங்காலமும் தண்ணி தெளிப்பான்.

"எனக்கு ஒரு நாளு ஒரு டம்ளரு தண்ணி மொண்டு குடுத்திருப்பியா?"ன்னு மெர்லின் கத்துவா.

"நீ சாவமாட்ட. அது செத்துடும்."

"நான் சாவமாட்டேன்னு யார்றா சொன்னது?"

போன கோடையில வந்துச்சி வெனை. ஏப்ரல்லியே வெயிலு கொளுத்த ஆரம்பிச்சிடுச்சி. கழிய வுட்டா வுட்ட தபாவெல்லாம் பூச்சி செத்துச்சி. ரெண்டு மணி நேரம் நாலாச்சு, நாலு ஆறாச்சு. டிரெய்லருங்க ரோடு வரிக்கும் நின்னு ஆரன் அடிச்சானுங்க. அசோகன் ஏசி ரூமுலேர்ந்து எழுந்து வந்தாரு. அவரு வெயில்ல வர்றதே வருசத்துல ரெண்டு தபாதான்.

"இன்னா பாஸ்கல், உன் பூச்சிங்க சங்கம் வெச்சிருக்கா? ஸ்ட்ரைக்கு பண்ணுதா?"

"காஸ் கீது சார். பூச்சி பொய் சொல்லாது."

"பூச்சி பொய் சொல்லலய்யா, சோம்பேறியா கீது. நல்ல பூச்சியா வெச்சிக்கோ. இல்லாட்டி நான் நல்ல பார்ட்டியா வெச்சிக்கறேன்."

ஆளுங்க முன்னாடி சொல்லிட்டாரு. பாஸ்கலுக்கு அது சுருக்குன்னு குத்துச்சி. வேல பூடுமேன்னு இல்ல. அவன் பூச்சிய நோஞ்சான்னு சொல்லிட்டாரே, அதான்.

அன்னிலேர்ந்து அவன் பொறுக்க ஆரம்பிச்சான். கழில போயிட்டு பொழைச்சி வந்த பூச்சிய தனி பாட்டில்ல சேத்தான். அது பத்தலன்னு, மத்தியானம் ஒரு மணிக்கு வூட்டு தகரக் கூரை மேல பாட்டில வெச்சி, எதுங்க சுருண்டுச்சோ அதுங்கள தூக்கிப் போட்டுட்டு, எதுங்க நடந்துகினு இருந்துச்சோ அதுங்கள மட்டும் வெச்சிகினான். புது கண்டெய்னரு வந்தா புதுசா அள்ளுவான், அதுலியும் பொறுக்குவான். நூறுல எட்டு தேறும், பத்து தேறும். மே மாசக் கடைசில அவன் கையில ஒரு கூட்டம் இருந்திச்சி, கல்லு மாதிரி. அதுங்களுக்கு ஸ்பெஷல் பார்ட்டின்னு பேரு வெச்சான்.

ஸ்பெஷல் பார்ட்டி ஒரு தபாவும் சாவல. கழி போவும், பத்து மணி உருளும், கழி வரும், அஞ்சும் ஜம்முன்னு நடக்கும். தொறந்த அரை மணில ஆளு உள்ள. டிரெய்லரு ஒண்ணும் நிக்கல. அசோகன் பார்ட்டிக்கே பிரியாணி வாங்கிக் குடுத்தாரு. பாஸ்கலு முதுகுல தட்டி, "இப்பத்தான்யா நீ மேஸ்திரி"ன்னாரு.

பிரியாணி துன்னுட்டு வரதன் சொன்னான், "மாமு, ரெண்டு வாரமா தல நோவுது. சில நேரம் அல்லாம் ரெண்டா தெரியுது."

"வெயிலுடா. மோரு குடி."

"உன்னையும் ரெண்டா பாக்கறேன். ஒண்ணையே தாங்க முடியல."

அல்லாரும் சிரிச்சாங்க. பாஸ்கலும் சிரிச்சான்.

ஜூன்ல ஒரு வியாழக்கெழம ஒரு கண்டெய்னரு தொறந்தாங்க. அதுல கட்டைய விட சருகு ஜாஸ்தி, ஈரமா, கொழகொழன்னு. அந்த மாதிரி சருகு காஸ உள்ளயே புடிச்சி வெச்சிக்கும். கிளற கிளறத்தான் வெளிய வுடும். பாஸ்கல் கழிய வுட்டான். அஞ்சும் நடந்துச்சி. "பூவலாம்"னான். வரதன் உள்ள பூந்து முக்கா மணி நேரம் மம்பட்டியால வாரிகினு இருந்தான். வெளிய வந்து டயரு ஓரமா வாந்தி எடுத்தான். மூஞ்சி கழுவிட்டு, "பசி மாமு, காலையில நாஷ்டா துன்னல"ன்னு சொல்லிட்டு ரயிலு ஏறி வூட்டுக்குப் பூட்டான்.

மறுநாளு காலைல பாஸ்கல் வூட்டாண்ட டீக்கடையில குந்திகினு இருந்தான். ஒருத்தன் போன நீட்டுனான். "பேசின் பிரிட்ஜ் ஸ்டேஷன்ல ஒரு ஆளு, காலங்காத்தால இன்னா மப்பு பாருண்ணா!"

வீடியோல ஒரு ஆளு படியில எறங்கறான். ஒரு காலு இங்க, ஒரு காலு அங்க. கம்பிய புடிக்கப் போறான், கம்பி இல்லாத எடத்துல கைய வெக்கிறான். விழறான். எழுந்து எதோ பேசறான், நாக்கு கொழகொழங்குது, வார்த்த வெளங்கல. வீடியோ எடுத்தவன் சிரிக்கற சத்தம் கேக்குது. டீக்கடையே சிரிச்சிது. பாஸ்கலும் பல்லு போன வாய தொறந்து சிரிச்சிட்டான். அப்பால அந்த ஆளு போனு பக்கம் திரும்புனான்.

வரதன்.

பாஸ்கல் டீ கிளாஸ கீழ வெச்சான். அவன் குடிக்கமாட்டானேன்னு சொல்ல வாய தொறந்தான். தொறந்த வாயி அப்படியே மூடிகிச்சி. அவன் குடிக்கலன்னா அது இன்னா? அத்த யோசிக்க அவனுக்குத் தகிரியம் வரல.

வேலைக்குக் கெளம்பி வந்த வரதன ஸ்டேஷன்லேர்ந்து யாரோ ஆட்டோல ஏத்தி வூட்டாண்ட எறக்கி வுட்டிருக்காங்க. அவன் வர்றதுக்கு முன்னாடி வீடியோ வந்துடுச்சி. வாசல்லியே தாயம்மா அவன கன்னத்துல அறைஞ்சா. பதினோரு வருசம், பதினோரு வருசம்னு சொல்லிகினே அறைஞ்சா. அவன் எதோ சொல்லப் பாத்தான், நாக்கு திரும்பல. மத்தியானத்துக்குள்ள கையி காலு வெட்டி வெட்டி இழுக்க ஆரம்பிச்சி, பெரியாஸ்பத்திரில சேத்தாங்க. கூடப் போனவன் அங்கியும் வீடியோவ காட்டியிருக்கான். குடிச்ச கேஸுன்னு ஒரு குளுக்கோஸ் பாட்டில ஏத்தி ஓரமா போட்டுட்டாங்க.

சாயங்காலம் அசோகன் பாஸ்கல ரூமுக்குள்ள கூப்ட்டாரு. நாற்காலில குந்தச் சொன்னாரு. அவரு குந்தச் சொன்னது அதான் மொதோ தபா.

"ஒரு லெட்டரு. வரதன் டூட்டிக்கே குடிச்சிட்டு வந்தான், மேஸ்திரி வாணாம்னு சொல்லியும் கேக்கலன்னு. நீ கையெழுத்து போடணும்."

"சார், அவன் குடிக்கமாட்டான்."

"ஊரே பாத்திருக்குய்யா."

"காஸா இருக்குமோன்னு..."

அசோகன் முன்னாடி சாஞ்சாரு. "காஸுன்னா, உள்ள பூவலாம்னு சொன்னது யாரு? நானா? மீட்டரு இல்லன்னா வேல செய்யமாட்டேன்னு நீ எழுதிக் குடுத்தியா? பாட்டில்ல பூச்சி வெச்சிகினு ஜோசியம் பாத்தது யாரு? அது வெளிய வந்தா உள்ள போறது நீ, பாஸ்கல். உன் பூச்சி அன்னிக்கு செத்துச்சா?"

"சாவல சார். அஞ்சும் நடந்துச்சி."

"அப்போ காஸ் இல்ல. நீயே சொல்றியே. போடு."

அதான் பாஸ்கலுக்கு வேணும்னு இருந்த வார்த்த. பூச்சி சாவல, அதனால காஸ் இல்ல, அதனால வரதன் எங்கியோ போயி குடிச்சிருக்கான். பதினோரு வருசம் அடக்குனவன் ஒரு நாளு தவறமாட்டானா? மனசு அந்தப் பக்கமாவே சாஞ்சிது. கையெழுத்து போட்டான். இங்கிலீசுல P மட்டும் நல்லா வரும் அவனுக்கு. மீதி கிறுக்கல்.

மறுநாளு சனிக்கெழம மகிமா வந்தா. வெள்ளத்துணிய விரிச்சி சருகு சலிச்சிகினு இருந்தா. பாஸ்கல் அவளாண்ட போயி குத்துக்காலிட்டு குந்துனான். சும்மா கேக்கற மாதிரி கேட்டான்.

"யம்மா, காஸ் இருந்தா அரைச்சட்டை செத்துடும்தானே?"

"சாவும்."

"சாவலன்னா காஸ் இல்லதானே?"

அவ சல்லடைய நிறுத்துனா. "எவ்ளோ நேரத்துக்கு வுட்டு பாத்தீங்க?"

"பத்து ஜெபம். ஒரு அஞ்சு நிமிசம்."

"அண்ணா, அஞ்சு நிமிசத்துல பூச்சிக்கு ஒண்ணும் ஆவாது. பூச்சி சாவறதுக்கு காஸ் மணிக்கணக்கா புடிக்கணும். இல்லாட்டி நீங்க இன்னாத்துக்கு ஒரு நாளு முழுக்க மூடி வெக்கிறீங்க?"

பாஸ்கல் அவ மூஞ்சியவே பாத்துகினு இருந்தான். பன்னெண்டு வருசமா ஒரு நாளு மூடி வெச்சவன் அவன். இந்தக் கேள்விய ஒரு நாளும் தன்னாண்ட கேட்டுக்கல.

"இல்லம்மா. முன்னாடில்லாம் கழில போனது செத்துப் போயி வரும். நானே பாத்திருக்கேன்."

"சூட்டுல செத்திருக்கும்ணா. தகரப் பொட்டி, வெயிலு, உள்ள கையி வெக்க முடியாது. காட்டு ஈரத்துல பொறந்தது தாங்காது."

"அப்போ நான் வெயில்ல வெச்சி பொறுக்குனது..."

"இன்னா பொறுக்குனீங்க?"

பாஸ்கலுக்கு உள்ளுக்குள்ள ஒண்ணு ஒண்ணா கழண்டு விழுந்துச்சி. மூணு வருசமா அந்தப் பூச்சிங்க காஸ கண்டுபுடிக்கல. சூடு தாங்காம செத்துச்சிங்க. அதுங்க செத்ததால இவனுங்க ரெண்டு மணி நேரம் குந்தி டீ குடிச்சானுங்க. அந்த ரெண்டு மணி நேரத்துல காஸ் தன்னால வெளிய போச்சி. ஆளுங்கள காப்பாத்துனது அந்த வெட்டியா குந்துன நேரம்தான். சோம்பேறி பூச்சின்னு அசோகன் திட்டுனாரே, அந்த சோம்பேறித்தனம்தான். அத்த இவன் தகரத்து மேல வெச்சி, பொறுக்கிப் பொறுக்கி, இல்லாம பண்ணிட்டான்.

"யாருக்குண்ணா இன்னா ஆச்சு?"ன்னு மகிமா கேட்டா.

சொன்னான். அவ எழுந்துட்டா. "காஸ் ஏறுனா நாக்கு கொழறும்ணா. நட தள்ளாடும். குடிச்ச மாதிரியேதான் இருக்கும். எங்களுக்கு டிரெய்னிங்லியே சொல்லுவாங்க. டாக்டருக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"போங்கண்ணா. இப்பவே போங்க."

பாஸ்கல் ஷேர் ஆட்டோல ஏறி, பாதில டிராபிக்ல நின்னதும் குதிச்சி, அந்த வயசுல, அந்த முதுக வெச்சிகினு ஓடுனான். டாக்டரு சின்ன வயசு, கண்ணு செவந்து கீது, தூங்கி ரெண்டு நாளு ஆயிருக்கும்போல. பாஸ்கல் மூச்சு வாங்க, பூச்சி, கழி, ஜெபமாலை, அரைச்சட்டைன்னு தலையும் இல்லாம வாலும் இல்லாம சொன்னான்.

"யோவ், நீயும் குடிச்சிருக்கியா?"

"இல்ல சார். காஸ். வரதனுக்கு காஸ் ஏறியிருக்கு. நான்தான் உள்ள அனுப்புனேன்."

காஸ் பேரு கேட்டாரு. பாஸ்கலுக்கு அந்தப் பேரு வாயில நொழையாது. சிலிண்டரு மேல ஒட்டுன லேபிள போன வருசம் போன்ல போட்டோ புடிச்சி வெச்சிருந்தான், தேடி எடுத்துக் காட்டுனான். டாக்டரு அத்த படிச்சாரு. எழுந்து ஓடுனாரு. வரதன பெரிய வார்டுக்கு மாத்துனாங்க, வாயில டியூபு வெச்சாங்க, மிஷினு மாட்டுனாங்க. கேஸ் பேப்பர்ல எழுதியிருந்த குடின்ற வார்த்தைய அடிச்சிட்டு காஸுன்னு எழுதுனாரு.

"நேத்தே சொல்லியிருந்தா?"ன்னு பாஸ்கல் கேட்டான்.

டாக்டரு யோசிச்சாரு. "இந்த காஸுக்கு மாத்து மருந்து கெடையாது. ஆனா நேத்தே மிஷின்ல போட்டிருப்பேன்"னாரு.

ஞாயித்துக்கெழம பத்து மணிக்கு, ராயபுரத்துல ரெண்டாம் பூசைக்கு மணி அடிக்கற நேரத்துல, வரதன் செத்துட்டான். நெனப்பு திரும்பவேயில்ல. பொஞ்சாதி அறைஞ்சதுக்கு அப்பால அவன் ஒரு முழு வார்த்த பேசல.

ஒடம்ப அறுத்துப் பாத்துட்டு திங்கக்கெழம மத்தியானம் குடுத்தாங்க. வியாசர்பாடி வூட்டு வாசல்ல கண்ணாடிப் பொட்டில வெச்சிருந்தாங்க. தலமாட்டுல நீலக்கொடி, அஞ்சு கலரு பஞ்சசீலக் கொடி. பிளாஸ்டிக் நாற்காலில குந்திகினு ஆம்பளைங்க பேசிகினாங்க. அந்தப் பேச்சு பாஸ்கல் காதுல வுழுந்துச்சி.

"விட்டவன் ஒரேடியா விட்டிருக்கணும். திரும்பத் தொட்டா ஒடம்பு தாங்காது."

"விட்டானா? யாருக்குத் தெரியும். டூட்டிலியே குடிப்பானாம். கம்பேனிலியே எழுதிக் குடுத்திருக்காங்க, மேஸ்திரி கையெழுத்தோட."

"விகார்ல எவ்ளோ பெருமையா பேசுனோம் இவன பத்தி."

தாயம்மா பொட்டிமேல கைய வெச்சிகினு குந்திகினு இருந்தா. அழுது அழுது கொரலே இல்ல. பாஸ்கல் அவ முன்னாடி தரையில குந்துனான். ஆஸ்பத்திரில அவன் சொன்னது அவளுக்கு அரைகொறையா தெரியும். இப்போ முழுசா சொன்னான். பூச்சி பொறுக்குனது, தல நோவுதுன்னு வரதன் சொன்னப்ப மோரு குடின்னது, கையெழுத்து, அல்லாத்தையும். ஒண்ணும் மறைக்கல. மறைச்சிருந்தா அவனுக்கு நல்லதுதான்.

அவ வெரல மட்டும் பாத்துகினு இருந்தா, அறைஞ்ச கை வெரல.

"அவுரு குடிக்கல"ன்னா.

"குடிக்கல தாயம்மா."

"என்னாண்ட சொல்லி இன்னாண்ணா? நான் செத்தா என்னோட பூடும். அங்க குந்திகினு கீறாங்களே, அவங்களாண்ட சொல்லு. எழுந்து நின்னு சொல்லு."

பாஸ்கல் எழுந்தான். ஊரு பூரா பூச்சி கத சொன்ன வாயி, இப்போ ஒட்டிகினு தொறக்கல. சாவு மோளம் அடிக்கறவங்கள ஒருத்தரு கை காட்டி நிறுத்துனாரு. அல்லாரும் திரும்பிப் பாத்தாங்க.

"நான் பாஸ்கல். யார்டு மேஸ்திரி. வரதன் குடிக்கல. காஸ் ஏறி செத்தான். நாக்கு கொழறுனது, தடுமாறுனது அல்லாம் காஸுதான். டாக்டரு பேப்பர்ல எழுதியிருக்காரு. அந்த லெட்டர்ல கீற கையெழுத்து என்னுது, அது பொய். காஸ் பூட்டுச்சி, உள்ள போன்னு நான்தான் சொன்னேன். ஆனா காஸ் வெளிய போவல."

யாரோ, "எப்பிடிய்யா தெரியாம சொன்ன?"ன்னு கேட்டாங்க.

"பூச்சிய நம்பி சொன்னேன்."

ஒருத்தரும் சிரிக்கல. ஒரு பெரியவரு நாற்காலிலேர்ந்து எழுந்து வந்து பொட்டிமேல கைய வெச்சி, "மன்னிச்சிக்கோ வரதா"ன்னாரு. அவரு பின்னாடி இன்னொருத்தரு வந்தாரு. அப்பால பொம்பளைங்க வந்தாங்க. விகார்லேர்ந்து வந்தவங்க புத்தம் சரணம் சொல்ல ஆரம்பிச்சாங்க, இந்த தபா கொரலு பெருசா வந்துச்சி.

நடுவுல பாஸ்கலு போனு அடிச்சிது. அசோகன். எடுக்கல. மறுபடி அடிச்சிது. நிறுத்தி பாக்கெட்டுல போட்டுகினான். யார்டுக்கு சேதி போயிருக்கும். அந்த கேட்டுக்குள்ள அவன் இனிமே காலு வெக்க முடியாது, போலீஸுல கூப்ட்டாலும் கூப்டுவாங்க. அத்த பத்தி அவன் அப்போ நெனைக்கல. பாடை கட்டிகினு இருந்தாங்க, அத்ததான் பாத்துகினு இருந்தான்.

தூக்கற நேரம் வந்துச்சி. நாலு பேரு குனிஞ்சாங்க. எட்டு வருசம் கூட வேல செஞ்சவன், பாஸ்கல் துண்ட தலையில கட்டிகினு, பின்பக்க மூங்கில தோளுக்கு வாங்க கைய வெச்சான்.

தாயம்மா வந்து அந்தக் கைய புடிச்சா. கோவமா புடிக்கல. மெதுவா, ஒரு ஒரு விரலா மூங்கிலேர்ந்து எடுத்தா.

"வாணாம்ண்ணா. சொன்னியே, அது போதும். தூக்க ஆளு கீது."

அவன் நின்ன எடத்துல வேற ஒருத்தரு வந்து தோளு குடுத்தாரு. மோளம் ஆரம்பிச்சிது, பாடை கெளம்புச்சி. பின்னாடி போவலாமா கூடாதான்னு பாஸ்கலுக்குத் தெரியல, யாராண்டயும் கேக்கவும் முடியல. முல்லை நகர் சுடுகாட்டுப் பக்கம் மோளச்சத்தம் திரும்பி அமுங்கற வரிக்கும், தலையில கட்டுன துண்ட அவுக்காம, அங்கியே நின்னுகினு இருந்தான்.